ஆடரங்கில் இடமும் அணியும்

குன்றுதோறாடும் குமரக் கடவுளின் திருவடிகளை வணங்கி இச்சிறு கட்டுரையைத் தொடங்குகிறேன். நக்கீரர் அருளிய திருமுருகாற்றுப்படை முருகனின் ஆறு படைவீடுகளைப் போற்றுகிறது. அவற்றுள் ஐந்தாவதற்குக் 'குன்றுதோறாடல்' என்று பெயர். மலைவாழ் மக்கள் குரவைக் கூத்து ஆட, முருகப் பெருமானும் அவர்களோடு சேர்ந்து ஆடுவதாக அப்பகுதி அமைந்துள்ளது. மலையும் முருகனும் ஆடலும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாதவை என்பது இதனால் விளங்கும். கேமரன் மலையில் வாழும் நமக்கு இது பெருமைக்குரிய செய்தி.

நம் ஆலயத் திருவிழாக்களில் பிள்ளைகளின் நடனம் இடம் பெறாத ஆண்டு இல்லை. தைப்பூசம், நவராத்திரி, ஆண்டு விழா என்று ஏதாவது ஒரு காரணம் பற்றிப் பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். பாட்டு எது, உடை எது, ஒப்பனை எப்படி என்பவற்றில் பெற்றோரும் ஆசிரியைகளும் மிகுந்த அக்கறை காட்டுகின்றனர். ஆனால் மேடையில் யார் எங்கே நிற்பது, எப்பொழுது எங்கே நகர்வது என்பது பெரும்பாலும் ஒத்திகையின் கடைசி நாளில்தான் நினைவுக்கு வருகிறது. இக்காலத்து நடனக் கலைஞர்களோ இதனையே தங்கள் கலையின் பாதி என்று கருதுகிறார்கள். ஆகவே அரங்கில் இடத்தைப் பயன்படுத்துவது பற்றியும், குழுவாக ஆடுவோர் வகுக்கும் அணிகளைப் பற்றியும் நான் படித்தும் பார்த்தும் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முன்னோர் வகுத்த அளவு

அரங்கில் இடத்தைப் பற்றிய சிந்தனை நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடையின் அளவை இளங்கோவடிகள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 24 பெருவிரல் அளவு கொண்ட மூங்கில் கோலை அளவுகோலாக வைத்து, அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அரங்கை அமைத்தனர். தளத்திற்கும் மேலே இட்ட பலகைக்கும் இடையே 4 கோல் உயரம் விட்டனர். உள்ளே செல்ல ஒன்றும் வெளியே வர ஒன்றுமாக இரண்டு வாயில்கள் வைத்தனர். பெருவிரல் ஒன்றின் அகலத்தை ஏறக்குறைய ஓர் அங்குலம் என்று கொண்டால் 14 அடிக்கு 16 அடி மேடை கிடைக்கும். இஃது ஒருத்தி ஆடுவதற்காக அமைத்த மேடை. ஒருத்திக்கே இவ்வளவு இடம் வேண்டும் என்று நினைத்த முன்னோரின் வழிவந்த நாம், பதினாறு அடி மேடையில் இருபது பிள்ளைகளை ஏற்றி விடுகிறோம்.

அக்காதையில் இன்னொரு நுட்பமும் உண்டு. தூண்களின் நிழல் ஆடுகளத்திலும் அவையிலும் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்பது அது. ஆடுபவரின் முகம் அனைவருக்கும் தெரிய வேண்டும் என்ற அக்கறையே இதன் உட்கருத்து.

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரமும் இதனையே வேறொரு விதமாகக் கூறுகிறது. நடுத்தரமான நீள்சதுர அரங்கத்திற்கு 64 முழம் நீளமும் 32 முழம் அகலமும் போதும், இதனினும் பெரிதாகக் கட்டினால் பேச்சு தெளிவாகக் கேளாது, முகபாவம் தெரியாது என்று அந்நூல் எச்சரிக்கிறது. அம்மொத்த அளவில் பாதி பார்வையாளருக்கு, மீதிப் பாதி மேடைக்கும் ஒப்பனை அறைக்கும். மேடையின் நடுவிடம் பிரம்மாவுக்கு உரியது. அதனால்தான் ஆடத் தொடங்குமுன் நடுவிடத்தில் மலர் தூவும் வழக்கம் வந்தது. நம் பிள்ளைகள் புஷ்பாஞ்சலி ஆடும்போது இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நடுவிடம் தெய்வத்தின் இடம். அங்கே போய் நிற்பவர் சிறிது நேரம் நிற்கலாமே தவிர, அதனைத் தமக்கே உரிமையாக்கிக் கொள்ள முடியாது.

மேடை ஒரே இடமாக இருந்தாலும், ஆடுபவர் அதனைச் சுற்றி நடந்தால் இடம் மாறியதாகக் கொள்ள வேண்டும் என்றும் அந்நூல் வகுக்கிறது. வீடு, தோட்டம், ஆறு, மலை ஆகியவை எல்லாம் மேடையின் பகுதிகளாகி விடுகின்றன. இதற்குக் கக்ஷ்யா விபாகம் என்று பெயர். திரைச்சீலையில் மலையை எழுதித் தொங்க விடுவதற்குப் பணம் இல்லாத தோட்டத்துப் பள்ளிகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம். ஒரு பிள்ளை நான்கு அடி நடந்து, கண்ணை உயர்த்தி மேலே பார்த்தால் அங்கே மலை வந்து விடும்.

நால்வகைப் பிணைப்பு

குழுவாக ஆடுவோர் வகுக்கும் அணிகளுக்குப் பிண்டிபந்தம் என்று நாட்டிய சாஸ்திரம் பெயர் சூட்டி, அதனை நான்கு வகையாகப் பிரிக்கிறது. பலர் ஓரிடத்தில் நெருங்கி ஓர் உருவாகத் தோன்றுவது பிண்டி. சங்கிலிக் கண்ணிகள் போல ஒருவரோடு ஒருவர் கைகோத்து நிற்பது சிருங்கலிகை. கொடி கொம்பைப் பற்றுவது போல ஒருவரை ஒருவர் தழுவிப் படர்வது லதாபந்தம். சேர்ந்து நின்றவர்கள் பிரிந்து தனித்தனியே ஆடுவது பேத்யகம். கூடுதல், கோத்தல், படர்தல், பிரிதல் என்று தமிழில் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய பிண்டியையும் அந்நூல் பட்டியலிடுகிறது. பிரம்மாவுக்குத் தாமரை, இந்திரனுக்கு ஐராவதம், மன்மதனுக்கு மீன், சண்டிகைக்குச் சிங்கவாகினி, குமரக் கடவுளுக்கு மயில். நம் மலையில் முருகன் பாடலுக்கு ஆடும் பிள்ளைகள் இறுதியில் மயில் தோகை விரித்தது போல் அணி வகுத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அதனைச் சினிமாவிலிருந்து வந்தது என்று சிலர் எண்ணுகின்றனர். அதன் மூலம் மிகப் பழமையானது என்பதை அன்பர்கள் அறிந்து மகிழலாம்.

கோயிலுக்குள்ளேயே அணிக்கு இன்னொரு பாடம் உண்டு. நவக்கிரக சந்நிதியைச் சுற்றி வராதவர் நம்மில் யாரும் இலர். நடுவில் சூரியன், சுற்றிலும் எண்மர். ஒருவரை ஒருவர் நேர்கொண்டு பார்ப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு திசை, ஒவ்வொருவருக்கும் சமமான இடைவெளி. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால்தான் அணி என்பதில்லை, வெவ்வேறு பக்கம் பார்த்து நின்றாலும் ஒழுங்கு இருக்க முடியும் என்பதை அச்சந்நிதி நமக்குக் காட்டுகிறது.

வட்டமும் மேடையும்

தோட்டத்து மக்களாகிய நமக்கு வழிவழியாக வந்த அணி வட்டம். கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம், கரகம் ஆகியவை கோயில் முன்றிலிலும் லயத்து வாசலிலும் ஆடப்பட்டவை. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் இம்மலையை அளந்து குறித்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காட்டை அழித்துத் தேயிலை நட்ட அக்காலத் தமிழர்கள், தங்களோடு கொண்டு வந்த சொத்துகளில் இவ்வட்டமும் ஒன்று.

வட்டத்தில் முன் வரிசையும் இல்லை, பின் வரிசையும் இல்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயர் மகளிர் வட்டமாக நின்று கைகோத்து ஆடுகிறார்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழிசையின் பெயர்களையே மாதரி அவர்களுக்கு இடுகிறாள். குரலாக நின்றவள் மாயவன், இளியாக நின்றவள் பலராமன், துத்தமாக நின்றவள் நப்பின்னை. ஒவ்வொருத்திக்கும் ஓரிடம், ஓரிசை, ஒரு பெயர். ஒருத்தி விலகினால் ஒரு சுரம் குறையும். வஞ்சிக் காண்டத்தில் குன்றக் குரவையும் உண்டு. அங்கே மலைக்குறவர்கள் கண்ணகியைத் தெய்வமாகக் கண்டு, முருகனைப் பாடிக் குரவை ஆடுகிறார்கள்.

பின்னல் கோலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். மேலே கட்டிய கயிறுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக் கொண்டு உள்ளும் புறமுமாகச் சுற்றி ஆட, கயிறு சடையாகப் பின்னிக் கொள்கிறது. பிறகு எதிர்த்திசையில் ஆடிப் பின்னலைப் பிரிக்கிறார்கள். ஒருவர் தவறினால் போதும், பின்னல் காட்டிக் கொடுத்து விடும். 

முன்றிலில் ஆடிய இவ்வட்டத்தை அப்படியே மேடையில் ஏற்றும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. முன்றிலில் பார்ப்பவர்கள் நான்கு பக்கமும் நிற்கிறார்கள். மேடையிலோ மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் மட்டுமே பார்வையாளர். உள்முகமாகக் கும்மியடிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரின் முதுகுதான் சபைக்குத் தெரியும். இதற்கு நான் கண்ட தீர்வுகள் மூன்று. முதலாவது, வட்டத்தை முன்பக்கம் திறந்து பிறை வடிவாக்குவது. இரண்டாவது, வட்டம் இடைவிடாமல் சுழன்று கொண்டே இருக்கும்படி அமைப்பது. அப்பொழுது ஒவ்வொரு பிள்ளையின் முகமும் முறை வைத்துத் தெரியும். மூன்றாவது, மேடையை விட்டு விட்டுக் கும்மியை மண்டபத்தின் நடுவிலேயே ஆட விடுவது. இம்மூன்றில் மூன்றாவதே எனக்கு உகந்தது. நாற்காலிகளைச் சுற்றிலும் தள்ளிப் போட்டால் போதும், செலவு ஏதும் இல்லை.

இக்காலக் கலைஞர்கள் செய்தது

பரதநாட்டியம் பெரும்பாலும் ஒருவர் ஆடும் கலையாகவே இருந்து வந்தது. சதிர் என்று அழைக்கப்பட்ட காலத்தில் நட்டுவனாரும் இசைக் கலைஞர்களும் ஆடுபவருக்குப் பின்னால் நின்று, அவர் நகரும்போது தாமும் நகர்ந்தனர். ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய பின், இசைக் கலைஞர்களை மேடையின் ஒரு பக்கத்தில் அமரச் செய்யும் முறை நிலைபெற்றது. இந்த ஒரு மாற்றத்தினால் மேடை முழுவதும் ஆடுபவருக்குக் கிடைத்தது. 1944இல் அவர் அமைத்த குற்றாலக் குறவஞ்சியும், 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக உருவாக்கிய இராமாயண நாட்டிய நாடகங்களும் பலர் சேர்ந்து ஆடும் முறைக்கு வழி வகுத்தன. அரசவை, காடு, போர்க்களம் ஆகியவற்றை அணிவகுப்பினாலேயே காட்ட முடியும் என்று அவை மெய்ப்பித்தன.

அவருக்குப் பின் வந்தவர்களில் சந்திரலேகா குறிப்பிடத் தக்கவர். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற இவர், 1985இல் 'ஆங்கிகா' என்ற படைப்பில் பரதத்தோடு யோகத்தையும் களரிப்பயிற்றையும் சேர்த்தார். 1990இல் 'பிராணா', 1991இல் 'ஸ்ரீ', 1994இல் 'யந்திரா' எனப் பல படைப்புகளை அளித்து 2006ஆம் ஆண்டு சென்னையில் காலமானார். பிராணாவில் நவக்கிரகமும் மூச்சும் பொருளாயின. யந்திரா சௌந்தர்ய லஹரியைத் தழுவியது. ஆடுவோரின் உடலே முக்கோணமாகவும் கோடாகவும் புள்ளியாகவும் மாறி, சக்கரங்களில் நாம் வழிபடும் வடிவங்களை நினைவூட்டியது. ஸ்ரீயில் பெண்கள் முதுகெலும்பு வளைந்தவர்களாய்க் கூட்டமாக நடந்து வரும் காட்சி உண்டு. பெண்ணினம் சுமந்த பாரம் அதில் தெரியும். முதுகில் கூடையைச் சுமந்து மலையேறிய நம் தாய்மார்களை அறிந்தவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருடைய முறைகள் எல்லாம் கோயில் மேடைக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மெதுவாக நகர்வதற்கும் அசையாமல் நிற்பதற்கும் இருக்கும் ஆற்றலை அவரிடமிருந்து நாம் கற்கலாம்.

ஷோபனா ஜெயசிங் சென்னையில் பிறந்து, இலங்கையிலும் நம் மலேசியாவிலும் வாழ்ந்து, பின்னர் இங்கிலாந்தில் குடியேறியவர். 1988இல் லண்டனில் தம் நடனக் குழுவை நிறுவினார். மைக்கேல் நைமன் என்னும் ஆங்கில இசையமைப்பாளர் பரதத்தின் தாளக் கணக்குகளுக்கேற்ப அமைத்த நரம்பிசைக்கு, 'கான்ஃபிகரேஷன்ஸ்' என்ற குழு நடனத்தை உருவாக்கினார். அதன் பெயருக்கே அணியமைப்பு என்றுதான் பொருள். எல்லாரும் ஒரே அடவை ஒரே நேரத்தில் ஆடுவதே குழு நடனம் என்ற எண்ணத்தை இவர் மாற்றினார். ஒரு மூலையில் இருவர் ஓர் அடவு ஆட, மறு மூலையில் ஒருவர் வேறோர் அடவு ஆட, இரண்டும் ஒரே தாளத்தில் வந்து சேரும்.

நம் நாட்டைப் பொறுத்தவரை, சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்களின் அருளால் 1981இல் கோலாலம்பூரில் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பெருங்குழுவாக ஆடும் நாட்டிய நாடகங்களால் புகழ் பெற்றது. 1983இல் ராம்லி இப்ராஹிம் தொடங்கிய சூத்ரா நடனக் குழு பரதத்திலும் ஒடிசியிலும் ஒழுங்கான குழு அமைப்புகளைக் காட்டி வருகிறது. அடையாறு கே. லக்ஷ்மணிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்ற இவருக்கு இந்திய அரசு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மேல்நாட்டாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். டோரிஸ் ஹம்ஃப்ரி என்னும் அமெரிக்க அம்மையார் நடன அமைப்பைப் பற்றி எழுதிய நூல் 1959இல் வெளிவந்தது. மேடையின் எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே வலிமை இல்லை, நடுவிடம் மிக வலியது, அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும், மூலைவிட்டப் பாதை வலியது என்பன அவர் கருத்துகள். இருபுறமும் சமமான அணி அமைதியைத் தரும், சமமற்ற அணி மனத்தைத் தூண்டும் என்றும் அவர் கூறினார். அதே நாட்டைச் சேர்ந்த மெர்ஸ் கன்னிங்ஹாம் இதற்கு நேர்மாறாக, மேடையின் எல்லாப் புள்ளிகளும் சமமானவையே என்று கருதி நடனம் அமைத்தார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. நடுவிடம் வலியதாக இருப்பதால்தான் அதனை எல்லாருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டியிருக்கிறது.

கோலப் புள்ளி முறை

இனிப் பயிற்சி முறைக்கு வருவோம். அணியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நான் பயன்படுத்தியது கோலம்தான். கோலத்தில் நேர்ப்புள்ளி என்றும் இடைப்புள்ளி என்றும் இரு வகை இருப்பதை இல்லத்தரசிகள் நன்கு அறிவர். நேர்ப்புள்ளியில் ஒன்றின் பின் ஒன்றாகப் புள்ளிகள் நிற்கும். பிள்ளைகளை அப்படி நிறுத்தினால் பின்னால் இருப்பவரை முன்னால் இருப்பவர் மறைத்து விடுவார். இடைப்புள்ளியில் முன் வரிசையின் சந்துக்கு நேராகப் பின் வரிசைப் புள்ளி அமையும். மூன்று, நான்கு, மூன்று என்று பத்துப் பிள்ளைகளை நிறுத்தினால் பத்து முகமும் தெரியும்.

சுண்ணக் கட்டியால் தரையில் புள்ளி வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளியைக் கொடுக்க வேண்டும். ஒரு பிள்ளை அரைமண்டியில் இரு கைகளையும் நீட்டினால் விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை ஏறக்குறைய அதன் உயரமே இருக்கும். ஆகவே புள்ளிக்குப் புள்ளி 5 அடி இடைவெளி வேண்டும். இந்தக் கணக்கின்படி 16 அடி அகல மேடையில் ஒரு வரிசைக்கு மூவர்தான் நிற்கலாம். ஐவரை நிறுத்தினால் கை நீட்ட முடியாது. கை நீட்ட முடியாத பிள்ளை பயந்து பயந்து ஆடும். அதனைப் பார்த்து விட்டு, இப்பிள்ளைக்கு ஆட வரவில்லை என்கிறோம்.

அடுத்தது நகர்வு. ஓர் அணியிலிருந்து மற்றோர் அணிக்கு மாறும்போதுதான் முட்டலும் மோதலும் நேர்கின்றன. ஆதி தாளத்தின் இரண்டு ஆவர்த்தனம், அதாவது 16 எண்ணிக்கை, ஒரு மாற்றத்திற்குப் போதுமானது. யார் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு எந்த வழியாகச் செல்வது என்பதைக் கோலத்தின் இழை போலத் தரையில் கோடாகவே வரைந்து காட்ட வேண்டும். முதல் வாரம் பாட்டும் அடவும் இன்றி, எண்ணிக்கை மட்டும் சொல்லி நடக்க விட வேண்டும். நடக்கத் தெரிந்த பிறகு ஆடுவது எளிது.

மூலைவிட்டத்தை மறக்கக் கூடாது. 16 அடிக்கு 12 அடி மேடையில் மூலைவிட்டம் 20 அடி. மேடையின் மிக நீண்ட பாதை அதுவே. முருகன் மயில் மீதேறி உலகைச் சுற்றி வரும் காட்சிக்குப் பின் மூலையிலிருந்து முன் மூலைக்கு வருவது பொருத்தம். உயரமும் இடத்தின் ஒரு பகுதியே. முன்னிருப்போர் முழுமண்டி, நடுவிலிருப்போர் அரைமண்டி, பின்னிருப்போர் நின்ற நிலை என்று அமைத்தால், சரிவில் படிப்படியாக ஏறும் தேயிலை நிரைகளைப் போல ஒரு சிறு மலை மேடையில் எழும்பி விடும்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து ஏறியதைக் கண்டவர்களுக்கு இவை எல்லாம் எளிதில் விளங்கும். ஒருவர் நிரையில் ஒருவர் புகுவதில்லை. பக்கத்து நிரைக்காரி பின்தங்கினால் தெரிந்து விடும். இன்று அயல்நாட்டுத் தொழிலாளர்களும் இயந்திரங்களும் அவ்வேலையைச் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் நிரை பிடித்ததில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, கூடை சுமக்காமல் படிக்கட்டும் என்றுதான் அவர்களின் பாட்டிமார் பாடுபட்டனர். ஆயினும் பாட்டிமார் அறிந்திருந்த அவ்வொழுங்கை மேடையிலாவது நாம் கற்பிக்கலாம்.

முன் வரிசை யாருக்கு?

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நகரத்தில் நடந்த கலைவிழாவுக்குத் தோட்டத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். வேறு ஒரு குழு ஆடியது. பதினெட்டுப் பிள்ளைகள். முன் வரிசையில் நின்ற நால்வர் தொடக்கம் முதல் முடிவு வரை அங்கேயே நின்றனர். அவர்கள் விழாவுக்கு நன்கொடை அளித்தவர்களின் பிள்ளைகள் என்று அறிந்தேன். என் பக்கத்தில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். பேத்தி ஆடுகிறாள் என்று வெகு தொலைவிலிருந்து வந்திருந்தார். பாட்டு முடியும் வரை கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்தார். முடிந்ததும், "ஐயா, அவ ஆடுனாளா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது?

அக்குழுவின் நடனத்தில் அடவு சுத்தமாக இருந்தது, உடை அழகாக இருந்தது. அணி மட்டும் அசையவில்லை. அசையாத அணியில் பின்னால் நிற்பவர் இல்லாதவர் போலாகி விடுகிறார். கலை முறைப்படியும் அது குறையே, அற முறைப்படியும் அது குறையே. மேடையில் முன் வரிசை என்பது பந்தியில் முதல் இலை போன்றது. அன்னதானத்தில் எல்லாருக்கும் ஒரே சோறுதானே பரிமாறுகிறோம்?

ஆகவே நம் ஆலய விழாக்களுக்கு ஒரு விதியை முன்மொழிகிறேன். ஒரு பாட்டுக்கு ஒரு பிள்ளை ஒரு முறையாவது முன் வரிசைக்கு வர வேண்டும். முடிந்தால் ஒரு முறை நடுப்புள்ளியையும் தொட வேண்டும். பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணம் என்றிருக்கும் பாட்டில் ஐந்து அணிகள் வகுக்கலாம். ஐந்து அணிகளில் பத்துப் பிள்ளைகளையும் முன்னே கொண்டு வருவது கடினமான கணக்கன்று. நன்றாக ஆடும் பிள்ளைக்கு என்ன சிறப்பு என்று கேட்கலாம். அப்பிள்ளைக்குத் தனியாக ஒரு சரணத்தைக் கொடுங்கள். மற்றவர்கள் பிறையாக அமர்ந்து தாளம் போடட்டும். திறமைக்கு இடம் கொடுப்பதும் தேவையே. வேண்டாதது பின்வரிசைப் பிள்ளையை மறந்து விடுவது.

நம் தோட்டங்களில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து வருவதை எல்லாரும் காண்கிறோம். குடும்பங்கள் பட்டணத்திற்குப் பெயர்ந்து விட்டன. மீதமிருக்கும் பிள்ளைகளில் ஒன்றைக்கூட இழக்கும் நிலையில் நாம் இல்லை. ஓர் ஆண்டு பின்னால் நின்று யார் கண்ணிலும் படாத பிள்ளை மறு ஆண்டு பயிற்சிக்கு வருவதில்லை. நடனத்திற்கு வராத பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலுக்கும் வராமல் போகிறது. ஆசிரியராக இருந்த காலம் முதல் நான் கண்டு வரும் உண்மை இது.

சந்நிதி முன் ஆடும்போது

கோயிலில் ஆடும்போது இன்னொரு வினா எழும். சுவாமியை நோக்கி ஆடினால் மக்களுக்கு முதுகு, மக்களை நோக்கி ஆடினால் சுவாமிக்கு முதுகு. மகா மண்டபத்தில் ஆடும் சிறு நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளைச் சந்நிதியை நோக்கி ஆட விட்டு, பக்தர்களை இரு பக்கங்களிலும் அமர்த்துவதே முறை. அப்படி அமர்த்தினால் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்காக அணியையும் இரு பிரிவாக, ஒன்றையொன்று நோக்கும்படி வகுக்கலாம். விளக்கக்காட்சி போலின்றி வழிபாடாக அது அமையும். பெரிய நிகழ்ச்சிகளுக்கு மண்டப மேடையே ஏற்றது.

மண்டப மேடை பற்றி ஒரு விண்ணப்பம்

மண்டபத்தைப் புதுப்பிக்கும் எண்ணம் நிர்வாகத்தில் பேசப்பட்டு வருகிறது. புரவலர்களும் நன்கொடையாளர்களும் வழக்கம் போல் முன்வருவார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்களிடம் பணிவுடன் சில விண்ணப்பங்களை வைக்கிறேன்.

இப்போதைய 16 அடிக்கு 12 அடி மேடையை 24 அடிக்கு 18 அடியாக விரிவாக்கினால் மூலைவிட்டம் 30 அடியாகும். ஒரு வரிசைக்கு நால்வர் தாராளமாக நிற்கலாம். நான்கு, மூன்று, நான்கு என்று பதினொரு பிள்ளைகள் கை நீட்டி ஆடலாம். தரை வெறும் சிமெண்டாக இருக்கக் கூடாது. தட்டடவு தட்டித் தட்டிப் பிள்ளைகளின் முழங்காலும் கணைக்காலும் நோகின்றன. இம்மலைக் குளிரில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலால் நிற்பதே கடினம். சட்டம் போட்டுப் பலகைத் தளம் அமைத்தால் அதிர்ச்சியைத் தாங்கும், குளிரையும் குறைக்கும். இரு பக்கமும் மறைவாக நான்கு அடியாவது விட்டால்தான் பிள்ளைகள் ஓசையின்றி வந்து போக முடியும். இளங்கோவடிகள் சொன்ன இரண்டு வாயில்களை நாமும் வைப்போம். விளக்குகளை முன்பக்கம் மட்டும் வைத்தால் பின்வரிசை இருளில் மூழ்கும். பக்கங்களிலும் வைக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பிரமுகர்களுக்கான நாற்காலிகளையும் மாலை மேசையையும் பதாகைகளையும் மேடையிலேயே விட்டு விட்டு, மிஞ்சிய இடத்தில் பிள்ளைகளை ஆடச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. நம் மேடையில் அது வேண்டாம். புரவலர்களின் பெயரை மண்டப வாயிலில் கல்லில் பொறிப்போம். மேடையைப் பிள்ளைகளுக்கு முழுவதுமாக விட்டு விடுவோம்.

குன்றுதோறாடும் குமரன் முன் வரிசை, பின் வரிசை பார்த்து அருள் புரிபவன் அல்லன். அவன் சந்நிதியில் ஆடும் பிள்ளைகள் ஒவ்வொருவரின் முகமும் அவர்களைக் காண வந்த ஒவ்வொரு பாட்டியின் கண்ணுக்கும் தெரிய அவன் திருவருள் துணை நிற்கட்டும்.

வாழ்க நம் கலைச் செல்வங்கள்! வளர்க ஆலயத் திருப்பணி!